குறைச் சோடியம் உப்பு: நாலு மாதம் சமைத்துப் பார்த்ததில்

இது ஒரு உப்புப் பாக்கெட்டுக்கான விமர்சனம். நடுவில் கொஞ்ச தூரம் ரத்தக்குழாய்க்குள்ளும் போய்விட்டு வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சமையலறைக்கு முழுநேரமாக வருவதற்கு முன்னால் சில வருஷம் ஒரு ஆய்வகத்தில் ரத்தக்குழாய் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தேன், அந்தப் பழக்கம் விடுவதாக இல்லை. பிராண்ட் பெயர் சொல்லப்போவதில்லை. சூப்பர்மார்க்கெட் தட்டில் நிற்கிற நாலைந்து பாக்கெட்டிலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சரக்குதான், சதவீதம்தான் மாறும். நான் வாங்கியது '15% குறைந்த சோடியம்' என்று போட்டது. நடுவில் ஒரு மாதம் 30% போட்டதையும் வாங்கினேன், அதன் கதை பின்னால் வரும்.

வாங்கிய காரணம் அப்பா. 71 வயது, பிபிக்கு டெல்மிசார்டான் 40 காலையில் ஒன்று. மேல் எண் 150ஐ ஒட்டியே நின்றது. டாக்டர் "உப்பைக் குறைங்க" என்றார், அப்பா தலையாட்டினார், வீட்டுக்கு வந்து அன்று மதியமே தயிர்சாதத்துக்கு மேல் ஒரு சிட்டிகை தூவிக்கொண்டார். சரி, ஆளை மாற்ற முடியாது, உப்பையாவது மாற்றுவோம் என்று இறங்கினேன்.

முதல் நாள் நடந்ததை அப்படியே சொல்கிறேன். சாம்பாரில் யாருக்கும் தெரியவில்லை. புளிக்குழம்பு, ரசம், சட்னி எதிலும் தெரியவில்லை. மோரில் மாட்டிக்கொண்டேன். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன பாப்பா, மோர்ல என்னத்தக் கலந்த?"

"புது உப்புப்பா."

"உப்பு மாதிரி இல்லையே, வெண்கலப் பாத்திரத்த நக்கின மாதிரி இருக்கு."

அவர் சொன்னது சரிதான். புளி, காரம், வெங்காயம் என்று ஏதாவது ஒன்று கூட இருந்தால் அந்தக் கசப்பு அமுங்கிவிடும். மோர், வெறும் கஞ்சி, வெள்ளரிக்காய்த் துண்டு, நறுக்கிய மாங்காய் மாதிரி உப்பு தனியாக நாக்கில் படுகிற இடங்களில் கடைசியில் ஒரு உலோகக் கசப்பு நிற்கும். அது பொட்டாசியம் குளோரைடின் சுவை. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: சோடியம் குளோரைடு, அடுத்து பொட்டாசியம் குளோரைடு, அப்புறம் அயோடினுக்காகப் பொட்டாசியம் அயோடேட், கட்டி தட்டாமல் இருக்க ஒரு பொருள், அவ்வளவுதான். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'குறைந்த சோடியம்', கூடவே ஒரு சிவப்பு இதயப் படம். எடுத்த சோடியத்துக்குப் பதிலாக உள்ளே போட்டது பொட்டாசியம் என்பதை முன்பக்கம் எங்கும் சொல்லவில்லை. எனக்கு இந்தப் பொருளின் மேல் உள்ள பெரிய மனத்தாங்கலே இதுதான், ஏனென்றால் நல்லதும் கெட்டதும் இரண்டுமே அந்த இரண்டாவது பெயரில்தான் இருக்கிறது.

இது எனக்கு உறைத்ததே ஒரு கணக்கால்தான். எங்கள் வீட்டில் நாலு பேர், சாதாரண உப்பு மாதம் சரியாக ஒரு கிலோ. தலைக்கு ஒரு நாளைக்கு 8.3 கிராம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். அப்பளம், ஊறுகாய், வெளியில் வாங்குகிற மிக்சர் எல்லாம் இதில் சேராது, அதைச் சேர்த்தால் சொல்லவே வேண்டாம். புது உப்பு வாங்கிய முதல் மாதம் ஒரு கிலோ பாக்கெட் இருபத்தாறாவது நாளே காலி. ஏன் என்று யோசித்தால், உப்பு கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் என் கை தானாகவே ஒரு துளி கூடப் போட்டிருக்கிறது. முப்பது நாள் சரக்கு இருபத்தாறு நாளில் தீர்ந்தால் உப்பு போடுவது 15 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கூடியிருக்கிறது. பாக்கெட் மிச்சம் பிடித்ததும் 15 சதவீதம். ஆக சோடியம் குறைந்தது வெறும் இரண்டு சதவீதம் மாதிரி! விலையோ சாதாரண உப்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எரிச்சலோடு பாக்கெட்டைத் தூக்கிப் போடப்போனவள் பொட்டாசியத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சோடியம் குளோரைடை எடுத்த அளவுக்குப் பொட்டாசியம் குளோரைடு போட்டிருந்தால், தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.2 கிராம், அதில் பாதிக்குச் சற்று மேல் சுத்தப் பொட்டாசியம், அதாவது 650 மில்லிகிராம் மாதிரி. கிட்டத்தட்ட ஒரு இளநீரில் கிடைக்கிற அளவு, தினமும், யாருக்கும் தெரியாமல். அப்போதுதான் பழைய ஆய்வக நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன.

நாங்கள் வளர்த்தது தொப்புள்கொடி நாளத்தின் உள்சுவர் செல்கள். பிரசவ வார்டிலிருந்து கொடி வரும், அதன் நாளத்துக்குள் ஒரு நொதியை விட்டு ஊறவைத்து அலசினால் உள்பூச்சு செல்கள் கழன்று வரும், தட்டில் போட்டால் நாலைந்து நாளில் தரை முழுக்கப் படர்ந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்க்க, கருங்கல் பாவிய பழைய கோயில் பிராகாரம் மாதிரி, ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கும். எண்டோதீலியம் என்பது இதுதான். இதயத்திலிருந்து கால்விரல் நுனி வரை எல்லா ரத்தக்குழாய்க்குள்ளும் ஒரே ஒரு செல் தடிமனுக்கு இந்தப் பூச்சு இருக்கிறது. ரொம்ப நாளாக இதை வெறும் பூச்சு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் ரத்தக்குழாய்த் துண்டை வைத்துக் காட்டினார்: உள்பூச்சு இருந்தால் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருள் பட்டதும் குழாய் தளர்கிறது, உள்பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டால் தளர மறுக்கிறது. அங்கிருந்து போகிற செய்தி ஒரு வாயு, நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னால் தெரிந்தது. 1998இல் அவருக்கும் இக்னாரோ, முராட் இருவருக்கும் நோபல்.

இதில் உப்பு எங்கே வருகிறது? ஒரு பம்ப் வழியாக. ஒவ்வொரு செல்லின் சவ்விலும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் இருக்கிறது. செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், ஓயாமல். டென்மார்க்கில் யென்ஸ் ஸ்கவ் என்ற மருத்துவர் நண்டுக்கால் நரம்பை அரைத்து வைத்துக்கொண்டு 1957இல் இதைக் கண்டுபிடித்தார், நாற்பது வருஷம் கழித்து 1997இல்தான் நோபல் வந்தது. நண்டுக்கால் என்றதும் எனக்கு ரசம்தான் ஞாபகம் வரும், அது வேறு விஷயம். இந்தப் பம்ப் ஓடுவதால்தான் செல்லுக்குள் பொட்டாசியம் 140 என்ற அளவிலும் வெளியே ரத்தத்தில் 4 என்ற அளவிலும் நிற்கிறது, சோடியம் அதற்குத் தலைகீழ். மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்றி வைத்தால்தானே கீழே குழாயைத் திறந்ததும் வேகமாக வரும்? அதேதான் இங்கேயும். பொட்டாசியம் மெல்ல வெளியே கசியக் கசிய செல்லின் உள்பக்கம் மின்னளவில் எதிர்மறையாகிறது. அந்த எதிர்மறைதான் கால்சியத்தை உள்ளே இழுக்கிறது, கால்சியம் ஏறினால்தான் நைட்ரிக் ஆக்சைடு செய்கிற நொதிக்கு வேலை ஆரம்பிக்கிறது. பம்ப் சுணங்கினால் உள்ளே சோடியம் தேங்கும், அந்த மின்னழுத்தம் தளரும், அடுத்தடுத்து எல்லாமே தடுமாறும்.

இன்னொரு அழகான வேலையும் இருக்கிறது. உள்பூச்சு செல் தூண்டப்பட்டதும் தன் பொட்டாசியத்தில் கொஞ்சத்தை வெளியே, தனக்கும் அடுத்திருக்கும் தசைச் செல்லுக்கும் நடுவில் உள்ள இடுக்கில், கொட்டும். அந்த இடுக்கில் பொட்டாசியம் ஏறியதும் தசைச் செல்லின் பம்ப் வேகமெடுக்கும், தசை தளரும், குழாய் விரியும். 1998இல் 'நேச்சர்' இதழில் எலியின் ரத்தக்குழாயை வைத்து இதைக் காட்டினார்கள். அதாவது இந்தப் புது உப்பில் இருக்கிற அதே பொட்டாசியம் அங்கே ஒரு செல் அடுத்த செல்லுக்கு அனுப்புகிற தபால். நான் முதல் தடவை இதைப் படித்தபோது ஹாஸ்டலில் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பம்ப் தண்ணீர் இறைக்கிற மோட்டார் மட்டுமில்லை, காலிங் பெல்லும்கூட என்று சொல்கிற ஒரு கட்சியும் உண்டு. ஓபாயின் என்று ஒரு பொருள், ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவின தாவர நஞ்சு, இந்தப் பம்பைப் பிடித்து நிறுத்தும். நம் ஊர் அரளி விஷமாவதும் இதே பம்ப் மேல் கை வைப்பதால்தான். ஓபாயினை ரொம்பக் குறைந்த அளவில், பம்ப் நிற்காத அளவில் விட்டாலும் செல்லுக்குள் சார்க் என்ற நொதி விழித்துக்கொண்டு வளர்ச்சிச் செய்திகள் கிளம்புகின்றன என்று அமெரிக்காவில் ஸிஜியான் ஷீயும் அமீர் அஸ்காரியும் காட்டினார்கள். பம்பே நேரடியாக சார்க்கைப் பிடித்து வைத்திருக்கிறதா, இல்லை சுற்றுவழியில் நடக்கிறதா என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. நான் தட்டில் பார்த்தது அதைவிட முரட்டுக் காட்சி: அளவு கூடப் போய்விட்டது ஒரு நாள், மறுநாள் காலையில் பிராகாரத்துக் கற்கள் எல்லாம் உருண்டையாகி மிதந்துகொண்டிருந்தன. எலி செல்லுக்கு அதே அளவு விட்டால் ஒன்றுமே ஆகாது, எலியின் பம்ப் ஓபாயினுக்கு அவ்வளவு லேசில் மசியாது.

சரி, உப்புக்கு வருகிறேன். ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகரத்தில் ஹான்ஸ் ஓபர்லைட்னர் குழுவினர் ஒரு நுண்ணிய ஊசியால் உள்பூச்சு செல்லை அமுக்கிப் பார்த்தார்கள், நாம் பழுத்த மாம்பழத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதுபோல. 2007இல் வந்த கட்டுரை: உடம்பில் சோடியத்தைப் பிடித்து வைக்கிற ஆல்டோஸ்டீரோன் ஹார்மோன் இருக்கும்போது வெளியே சோடியம் கொஞ்சம் ஏறினாலே செல் விறைக்கிறது, நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. 2009இல் அடுத்தது: பொட்டாசியம் கொஞ்சம் ஏறினால் செல் இளகுகிறது, நைட்ரிக் ஆக்சைடு கூடுகிறது. இரண்டும் தட்டில் வளர்த்த செல்லில் பார்த்தவை, மனுஷ உடம்பு அவ்வளவு எளிமையில்லை. ஒரு இளநீர் குடித்ததும் ரத்தத்தில் பொட்டாசியம் எகிறிவிடாது, சிறுநீரகம் விடாது, மாறினால் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண் மாறும். அதுவும் தவிர, பொட்டாசியம் கூடச் சாப்பிட்டால் சிறுநீரகமே சோடியத்தை அதிகம் வெளியே விடுகிறது, பிபி இறங்குவதில் அதற்கும் பெரிய பங்கு. எல்லாம் உள்பூச்சின் மகிமை என்று நான் சொன்னால் அது பாக்கெட்டின் இதயப் படம் மாதிரிதான் ஆகிவிடும்.

மனுஷர்களில் பார்த்த பெரிய சோதனை சீனாவில் நடந்தது. வட சீனாவில் 600 கிராமங்கள், 20,995 பேர், எல்லோருமே முன்பு பக்கவாதம் வந்தவர்கள் அல்லது 60 வயது தாண்டிய பிபிக்காரர்கள். பாதிக் கிராமங்களுக்கு 75 பங்கு சோடியம் குளோரைடு, 25 பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு, மீதிக்கு வழக்கமான உப்பு. ஐந்து வருஷத்துக்குச் சற்றுக் குறைவாகப் பார்த்ததில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, இறப்பு 12 சதவீதம் குறைந்தது. 2021இல் வெளியானது. அந்தக் கிராமங்களில் உப்பு பெரும்பாலும் வீட்டு அடுப்பில்தான் சேர்கிறது, நம் வீடுகள் மாதிரியே, அதனால் எனக்கு இந்தச் சோதனை மேல் நம்பிக்கை கொஞ்சம் கூடுதல். கவனியுங்கள், அது 25 சதவீதக் கலவை. என் பாக்கெட் 15. தீவிரச் சிறுநீரக நோய் உள்ளவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவே இல்லை.

அதனால்தான் 30% பாக்கெட்டை வாங்கினேன், அங்கேதான் முட்டாள்தனமும் செய்தேன். அப்பா சாப்பிடுகிற டெல்மிசார்டான் வகை மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும். அதன் மேல் உப்பு வழியாகவும் ஏற்றினால், சிறுநீரகம் சுகமாக இருந்தால் சமாளிக்கும், இல்லாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். இதெல்லாம் தெரிந்தவள்தான் நான், ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பித்துவிட்டேன், சொந்த வீடு என்றால் புத்தி ஒரு படி கீழே இறங்கிவிடும் போல. பத்தாவது நாள் பாக்கெட்டின் பின்பக்கத்தில், பார்கோடுக்கும் கீழே, கடுகைவிடப் பொடி எழுத்தில் 'சிறுநீரக நோயாளிகள் மருத்துவரை ஆலோசிக்கவும்' என்று இருப்பதைப் பார்த்தேன். அதைப் படிக்க அப்பாவின் பூதக்கண்ணாடியைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பிபி மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிபிக்காரர்தான் இந்த உப்பை வாங்குவார், அவர் அந்த மாத்திரை சாப்பிடத்தான் வாய்ப்பு அதிகம், அவரிடமே சொல்லவில்லை என்றால் யாரிடம் சொல்வார்கள்? வாங்கின கடையில் கேட்டேன். "அது டயட் உப்புங்க்கா, எல்லாரும் சாப்பிடலாம், குழந்தைங்களுக்கும் நல்லது" என்றார் பில் போட்ட தம்பி. அவரைக் குறை சொல்லி என்ன, பாக்கெட் சொல்லாததை அவர் எங்கிருந்து சொல்வார். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டல் இந்த உப்பைப் பரிந்துரைத்தது, ஆனால் பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதில் இல்லை.

மறுநாளே ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் சரியாக இருந்தது, பொட்டாசியம் 4.6. நாலு மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டில் 4.2. எல்லை 5 வரை. டாக்டர் திட்டினார், அப்புறம் 15% போதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொட்டாசியம் பாருங்கள் என்றார். மீதமிருந்த 30% பாக்கெட்டை என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள், பாத்திரம் தேய்க்கப் போய்விட்டது.

சமையல் விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இட்லி மாவு வழக்கம்போலப் புளித்துப் பொங்கியது. பொரியலில் வித்தியாசம் தெரியாது. பருப்புக் கடைசலில் கொஞ்சம் தெரியும், ஒரு தக்காளி கூடப் போட்டால் தெரியாது. எலுமிச்சை ஜூஸில் கசப்பு பளிச்சென்று வரும். மழை நாளில் ஜாடிக்குள் பாறையாகிவிட்டது, கட்டி தட்டாமல் இருக்கிற பொருள் போட்டும். நாலு அரிசி போட்டு வைத்தேன், பரவாயில்லை. ஊறுகாய்க்கு இதைப் போடவே மாட்டேன், மாவடு கெட்டுப்போனால் ஒரு வருஷத்துக்கு அம்மாவிடம் பேச்சு வாங்க வேண்டும்.

அதே தட்டில் பக்கத்திலேயே இளஞ்சிவப்பாக இந்துப்பும் நிற்கும், 'இயற்கையிலேயே சோடியம் குறைவு' என்று யாராவது சொல்வார்கள். ஏமாறாதீர்கள். இந்துப்பில் 97, 98 சதவீதம் அதே சோடியம் குளோரைடுதான், நிறத்துக்கு மட்டும் அந்த விலை. பெரும்பாலும் அயோடினும் இருக்காது. உள்பூச்சு செல்லுக்குக் கலர் தெரியாது.

இரண்டாவது முறை 15% வாங்கியதிலிருந்து கையால் போடுவதை விட்டுவிட்டேன். அரைக் கரண்டி ஒன்றை ஜாடிக்குள்ளேயே போட்டு வைத்து, குழம்புக்கு இத்தனை, பொரியலுக்கு இத்தனை என்று அளந்துதான் போடுகிறேன். முதல் வாரம் எல்லோரும் முகம் சுளித்தார்கள், மூன்றாவது வாரம் யாரும் பேசவில்லை, நாக்கு பழகிவிடும் போல. அந்த மாதம் ஒரு கிலோ பாக்கெட் முப்பத்துமூன்று நாள் வந்தது. அப்பாவின் மேல் எண் இப்போது 136, 138 என்று நிற்கிறது. அதே மாதம்தான் அவர் சாயங்காலம் பார்க்கில் நடக்கவும் ஆரம்பித்தார், எதிர்வீட்டு மாமாவோடு அரசியல் பேசுவதற்காக. ஆக இந்தப் பெருமை உப்புக்கா நடைக்கா மாமாவுக்கா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கேட்டால் அப்பா மாத்திரைக்குத்தான் என்பார்.

மதிப்பெண் கேட்டால் பொருளுக்கு நாலு, பாக்கெட்டுக்கு ஒன்றரை, ஐந்துக்கு. சிறுநீரகம் நன்றாக இருந்து, பொட்டாசியத்தை ஏற்றுகிற மாத்திரை எதுவும் இல்லாதவர்கள் தாராளமாக வாங்கலாம், கரண்டியால் அளந்து போடுவதாக இருந்தால். மாத்திரை உண்டு என்றால் முதலில் ஒரு பொட்டாசியம் டெஸ்ட், டாக்டரிடம் ஒரு வார்த்தை, அப்புறம் கடைக்கு.

எங்கள் அடுப்படியில் இப்போது இரண்டு ஜாடி. பச்சை மூடி போட்டது குழம்பு, ரசம், பொரியலுக்கு. சிவப்பு மூடியில் பழைய சாதாரண உப்பு, அது மோருக்கு மட்டும். நாளுக்கு ஒரு சிட்டிகை, அதையும் நான்தான் போடுவேன், ஜாடி மேல் தட்டில், அப்பா கைக்கு எட்டாத இடத்தில். நேற்று நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.